அகத்தி வெட்டிய மார்கழி

தாயம்மாவுக்கு முன்பல் இரண்டு கிடையாது. ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்த அன்று பாத்திரங்களை வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவள் மேல் வாசல் மூங்கில் சரிந்து விழுந்தது. அதில் போன பல். வீடு போனதற்குக்கூட அவ்வளவு அழவில்லை, பல்லுக்குத்தான் அழுதேன் என்பாள். அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். "இந்த துவாதசிக்கு பல்லு கட்டிடறேன் நைனா" என்று வருஷம் தவறாமல் என்னிடம் சொல்லுவாள். நானும் "கட்டு, கட்டு" என்பேன். கட்டியதில்லை.

நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பெயர் ரகுபதி, ஜாகை சிந்தாதிரிப்பேட்டை. விடிவதற்கு முன் தாயம்மாவின் கீரைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டுபோய் மயிலாப்பூர் மாடவீதியில் இறக்குவது என் முதல் சவாரி. எனக்கு எவரையும் சட்டென்று பிடித்துவிடாது. ஆளைப் பார்த்து அசந்து நிற்கும் ரகமும் நான் இல்லை. அதனால்தான் இதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

அவள் வீடு இப்போது பெரும்பாக்கத்து அடுக்குமாடியில், ஆறாவது மாடி. வீட்டைத்தான் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள், பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. முதல் பஸ் பிடித்து வருவாள். சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவில், அடையாற்றை ஒட்டி மதில் போட்ட ஒரு நிலம். ஏக்கருக்கு மேல் இருக்கும். மயிலாப்பூர் ஜெயராம் சாரும் அவருடைய அண்ணன் தம்பிகளும் பங்கு பிரியாமல் கோர்ட்டில் நிற்பதால் அங்கே கட்டடம் எழும்பவில்லை. சும்மா போட்டுவைத்தால் ஒரே ராத்திரியில் எவனாவது லாரி லாரியாக இடிந்த செங்கல்லைக் கொட்டிவிட்டுப் போய்விடுவான். ஆகவே நாலு குடும்பத்தைக் கீரை போட விட்டிருந்தார். கீரைதான் அவருக்குக் காவல்காரன்.

போர்வெல் தண்ணீரில் வளரும் கீரை அது. இருந்தாலும் மாடவீதியில் தினம் ஒருவராவது மூக்கைச் சுளித்துக்கொண்டு "ஆத்துத் தண்ணியா?" என்று கேட்பார்கள்.

"ஆத்துத் தண்ணின்னா இந்நேரம் கீரை எயுந்து ஓடியிருக்கும்மா" என்பாள் தாயம்மா. கேட்டவரும் சிரித்துக்கொண்டே இரண்டு கட்டு எடுத்துப் போவார்.

மதில் நெடுக நின்ற அகத்தி மரங்கள் மட்டும் அவளுக்கே சொந்தம். குடிசை போன வருஷம் விதை ஊன்றி, ஆடு மாடு கடிக்காமல் காத்து வளர்த்தவை. மற்ற நாட்களில் அகத்தியைப் பசுமாட்டுக்குக் கொடுக்கத்தான் வாங்குவார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் கதையே வேறு. ஏகாதசியன்று பட்டினி கிடந்து, ராத்திரி கண்விழித்தவர்கள் துவாதசி காலையில் அகத்திக்கீரை நாக்கில் படாமல் விரதத்தை முடிக்க மாட்டார்கள். பாரணை என்று அதற்குப் பெயர். அன்றைக்கு மயிலாப்பூரில் அகத்திக்குச் சொன்னதுதான் விலை. வருஷம் முழுக்க அரைக்கீரை விற்று மிஞ்சாதது அந்த ஒரு காலையில் மிஞ்சும். பல் கட்டுகிற காசும் அதில்தான் வர வேண்டும். ஒரு வருஷம் மகள் கயலின் பிரசவம், ஒரு வருஷம் மோட்டார் புகைந்தது என்று காசு ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் போய்விடும்.

போன கார்த்திகையில் அடித்த மழையில் நிலம் குளமாகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் பாத்தி பாத்தியாக மஞ்சள்; மதிலோர மேட்டில் நின்ற அகத்தி மட்டும் தப்பியிருந்தது. மண்ணிலிருந்த சத்தையெல்லாம் மழை கழுவி ஆற்றில் விட்டுவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் கைப்பிடி யூரியாவைத் தூவிவிட்டால் ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். கீரைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மருந்துதான் ஊரிலேயே இல்லை. எந்த உரக்கடைக்குப் போனாலும் "ஸ்டாக் இல்ல" என்று கை விரித்தார்கள்.

அந்த வாரம் பார்த்து ஜெயராம் சார் காரில் வந்து இறங்கினார். கூட மகேஷ் என்று ஒருவர், கார் நிறுத்துகிற ஷெட் போட இடம் தேடுகிறவர். அந்த ஆள் நிலத்தைப் பார்த்த பார்வையே கூரை போட்டு முடித்துவிட்ட பார்வை.

"பாரு தாயம்மா, உங்களைத் துரத்தணும்னு நேக்கு ஒண்ணும் ஆசை இல்லே" என்றார் சார். "ஆனா வெளியிலேர்ந்து பாத்தா காய்ஞ்சு கெடக்கற மாதிரின்னா இருக்கு. முந்தாநாள் ராத்திரி வாசல்ல ஒரு லாரி நின்னுண்டு இருந்துதாம். பொங்கல் கழிச்சு வரேன். பச்சையா இருந்தா நீங்களே இருங்கோ. இல்லேன்னா இவருக்குக் குடுத்துடறதைத் தவிர வேற வழி இல்லே."

கார் போனதும் தாயம்மா ஒரு முளைக்கீரையைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வூட்டை எடுத்தாங்க, சர்தான்னு பஸ்ஸுல ஏறி வந்துகினு கீறேன். இந்த மண்ணும் போச்சுன்னா மெட்ராஸ்ல நான் நிக்க எடம் எங்க கீது நைனா?"



ஆதம்பாக்கத்தில் ஃபராஸ் பாயிடம் நாலு மூட்டை வந்திருப்பதாக யாரோ சொல்ல, தாயம்மாவையும் பக்கத்துப் பாத்திக்கார அசோகனையும் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் வயல் இருந்த காலத்தில் பாயின் அப்பா ஆரம்பித்த உரக்கடை அது. இப்போது அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் மொட்டைமாடித் தோட்டக்காரர்கள். நாங்கள் போய் நின்றபோது தி.நகரிலிருந்து வந்த ஒரு அம்மா காரை விட்டு இறங்காமலே ரோஜாத் தொட்டிக்கு என்று இரண்டு பொட்டலம் யூரியா வாங்கிக்கொண்டு போனார். விலை கேட்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மூட்டையைப் பிரித்துப் பொட்டலமாகக் கட்டினால் பாய்க்கு அள்ளுகிற காசு. கீரைக்காரனுக்கு எதிரே உரத்துக்குப் போட்டி போடுவது பால்கனி ரோஜா.

"வாக்கா, வா" என்றார் பாய். "நீயும் யூரியாவா?"

"பின்ன, உன் மூஞ்சியைப் பாக்கவா வந்தேன்? ஒரு மூட்டை போடு பாய்."

"மேல இருந்தே சரக்கு வர்லக்கா. வர்ற ஒண்ணு ரெண்டையும், கூட இந்த பாட்டில் மருந்தையும் எடுத்தாதான் தருவேன்னு என் தலையில கட்றான். நாப்பது பேரு நிக்கிறாங்க. நான் யாருக்குக் குடுக்க? எவ்ளோ தருவே, நீயே சொல்லு."

"மூட்டை மேல இன்னா போட்டுக்கீதோ அத்த தரேன்."

"அது கவர்மெண்ட்டு போட்டது. உன் மனசுல இன்னா போட்டுக்கீதுன்னுதான் கேக்கறேன்."

பாய் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கெட்ட மனுஷனும் இல்லை. மழையில் நனைந்தபோது எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்த ஆள். ஆனால் அந்தக் கேள்வி தாயம்மாவின் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அசோகன் முந்திக்கொண்டான்.

"மூணு மடங்கு தரேன் பாய். எனக்கு ஒண்ணு போடு."

பெண்டாட்டி கம்மலை சைதாப்பேட்டையில் அடகு வைத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"டேய் அசோகா, அறிவு கீதா உனக்கு?" என்றாள் தாயம்மா. "இன்னிக்கு நீ இத்த குடுத்தா நாளையிலேர்ந்து அதாண்டா வெலை. அடுத்து வர்றவன்கிட்ட பாய் நாலுன்னு ஆரம்பிப்பாரு. இல்லியா பாய்?"

பாய் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ பேசுவேக்கா" என்றான் அசோகன். "உன்கிட்ட அகத்தி கீது. துவாதசி வந்தா நீ எயுந்துக்குவே. எனக்கு அந்த நாலு பாத்தியை விட்டா இன்னா கீது?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அசோகன் மூட்டையோடு வந்து ஏறினான். அவள் வெறும் கையோடு ஏறினாள். கிண்டி தாண்டியதும் முன் சீட்டில் என் பக்கம் குனிந்து, மெதுவாக, "அவன் சொன்னது சர்தான் நைனா" என்றாள்.

"எது?"

"என்கிட்ட அகத்தி கீதுன்னு."

காசைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அசோகன் அன்று சாயங்காலமே மொத்தத்தையும் தூவிவிட்டான். மறுநாள் விடியற்காலையில் டிவிக்காரனும் சொல்லாத ஒரு மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம்தான். ஆனால் நல்ல மழை. நான் போனபோது அவன் வரப்பில் குந்திக்கொண்டு, பாத்தியிலிருந்து ஆற்றுப் பக்கம் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆத்துல மீனு கீனு இருந்தா இன்னிக்கு அதுக்கு விருந்துண்ணே" என்றான். சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

தாயம்மா தன் பாத்தி ஓரத்தில் நின்றபடியே அவனைப் பார்த்தாள். நான் சொல்லவில்லையா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் மதிலோரம் ஒவ்வொரு அகத்தியாகத் தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

துவாதசிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு காலை. ஆட்டோவை நிறுத்தும்போதே சத்தம் கேட்டது. உள்ளே போனால் தாயம்மா ஏணி மேல், கையில் அரிவாள். மூன்று மரம் அதற்குள் மொட்டை. கீழே அகத்தித் தழை குவியல் குவியலாகக் கிடந்தது.

"யக்கா! இன்னா பண்றே நீ? இன்னும் நாலு நாளு கீதே! இப்பவே வெட்டினா வாடிப் போவாது?"

"விக்கறதுக்கு வெட்டல நைனா. தள்ளி நில்லு, தலையில வியும்."

"பின்ன எதுக்கு?"

"உரத்துக்கு."

அகத்தித் தழையும் சாணியும் தண்ணீரில் ஊறினால் நல்ல சத்து என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஓரத்தில் உதிர்ந்ததை அள்ளிப் பாத்தியில் போடுவது வழக்கம்தான். ஆனால் துவாதசிக்கு முன்னால் அகத்தியை உரமாக்குவது எவருக்கும் தோன்றாத காரியம். கல்யாணத்துக்கு முந்தின நாள் தாலியை உருக்குகிற மாதிரி. அது மட்டுமில்லை. முருங்கை மாதிரி இல்லை அகத்தி. ஒட்ட வெட்டினால் பாதி மரம் பட்டுப் போய்விடும். அடுத்த வருஷ துவாதசியும் அதோடு போயிற்று.

"உன் பாத்திக்கு ரெண்டு மரம் போறுமேக்கா."

"போறும். என் பாத்திக்கு."

"அப்புறம்?"

"சாரு வந்து என் பாத்தியை மட்டுமா பாப்பாரு? ஒரு மூலை மஞ்சளா இருந்தா கண்ணு நேரா அங்கதான் போவும். போனா எல்லார்துந்தான் போவும். அசோகன் பாத்திதான் வாசல்ல கீது."

சொல்லிவிட்டு அடுத்த கிளையை வெட்டினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வெயில் மதிலுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு உயரத்தில் ஒற்றை ஆளாக நின்று, தன் கையால் வளர்த்ததைத் தன் கையாலேயே அவள் கழித்துக்கொண்டிருந்தாள். கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து வலிக்குமே, அப்படி வலித்தது. எனக்கு வேலை இருந்தது. போகத் தோன்றவில்லை.

அசோகன் வந்து பார்த்துவிட்டு அசையாமல் நின்றான்.

"யக்கா, அன்னிக்குக் கடையில நான் பேசினது..."

"அதுக்குத்தான் உனக்கு வேலை வெச்சிக்கீறேன். நிக்காத, தழையைப் பொடிசா நறுக்கு. டிரம்மு கலக்கறதும் நீதான்."

சாணி கொண்டுவருகிற வேலை என் தலையில் விழுந்தது. சைதாப்பேட்டை மாட்டுக்காரர்களிடம் வாங்கி, கீரை ஏற்றுகிற அதே வண்டியில் நாலு நடை அடித்தேன். பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடைக்காரர் வண்டியை மோந்து பார்த்துவிட்டு, "இதுல பட்டுப் புடவை ஏத்தறதா? போய்யா" என்று விரட்டினார். போகட்டும். நீல டிரம்களில் தழையும் சாணியும் நிரம்பி, மூன்றாம் நாள் நுரை கட்டி, நாற்றம் கோட்டூர்புரம் பாலம் வரைக்கும் அடித்தது. நாலு குடும்பமும் மாற்றி மாற்றிக் கழியால் கலக்கினார்கள்.

வாசலோரம் நின்ற ஒரு மரத்தை மட்டும் அவள் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது பட்டினி கெடக்கறவங்களுது" என்றாள்.

துவாதசி காலை. வழக்கமாக அன்றைக்கு என் வண்டி அகத்தியால் பிதுங்கும். இந்தத் தடவை ஒரே ஒரு கூடை. மாடவீதியில் ஏற்கெனவே கூட்டம். மழையில் எல்லா இடத்திலும் அகத்தி போய்விட்டது போல, வேறு எவரிடமும் இலை இல்லை. நெற்றியில் ஈரம் காயாமல், கண் சிவந்து, நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் அந்த ஒரு கூடையைப் பார்த்தார்கள்.

முதலில் அபயாம்பாள் மாமி வந்து நின்றாள். வருஷா வருஷம் கண்விழித்தவர்களுக்கெல்லாம் தன் வீட்டில் பாரணைச் சாப்பாடு போடுகிறவள். தாயம்மாவின் சரக்கில் பாதி அவளுக்குத்தான் போகும்.

"என்னடி இது, ஒத்தக் கூடை? ஆத்துல நாப்பது இலை போட்டுண்டு காத்துண்டிருக்கா!"

"இவ்ளோதான் மாமி இந்த வருசம்."

"சரி, கூடையோட என்கிட்ட குடுத்துடு. எவ்வளவு வேணாலும் தரேன், நீயே சொல்லு."

நான் தாயம்மாவைப் பார்த்தேன். நிஜமாகவே எவ்வளவு வேண்டுமானாலும் தருகிற கை அது. மாமி சுருக்குப் பையை அவிழ்த்துவிட்டாள். பின்னாலிருந்து இன்னொருவர், "மாமி தர்றதுக்கு மேல நான் தரேம்மா" என்றார். தாயம்மாவின் நாக்கு அந்தப் பல் இல்லாத இடத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு நொடிதான்.

பிறகு கூடையைக் கீழே வைத்து, கட்டுகளைப் பிரித்துக் கொட்டினாள். கைக்கு வந்த சின்னப் பிடி ஒன்றை எடுத்து மாமியிடம் நீட்டினாள்.

"மாட்டுக்கு விக்கற வெலைதான் மாமி. ஆளுக்கு ஒரு புடி."

"நாப்பது பேருக்கு இது எந்த மூலைக்குடி?"

"நாக்குல படணும், அவ்ளோதானே? பருப்புல போட்டு கடைஞ்சிடுங்க. எல்லாருக்கும் படும்."

மாமி முறைத்தாள். நேற்றிலிருந்து சாப்பிடாத கோபம் வேறு. கையிலிருந்த பிடியைப் பார்த்தாள், பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, அங்கேயே ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டாள். ஒருவர் இரண்டு பிடி எடுக்கப் போனதும் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஓய், ஆத்துக்கு ஒரு பிடிதான்! நானே ஒண்ணுதான் வாங்கிண்டிருக்கேன். வரிசையில வாங்கோ!"

கூடை காலியாகும்வரை மாமி நகரவில்லை. வரிசையில் கடைசியில் நின்ற ஒரு வயசானவருக்கு இலை தீர்ந்து காம்புதான் மிஞ்சியது. மாமி தன் பிடியிலிருந்து ரெண்டு இணுக்கு கிள்ளி அவருக்குக் கொடுத்துவிட்டு, வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தாள்.

திரும்பி வரும்போது எனக்கு ஆற்றாமை. "யக்கா, மாமி கேட்டப்போ வெலையைச் சொல்லியிருந்தா இன்னிக்கே பல்லு வந்திருக்கும்."

"எப்படிச் சொல்றது நைனா? அன்னிக்கு பாய் 'எவ்ளோ தருவே'ன்னு கேட்டாரே, எனக்கு வவுறு எரிஞ்சிச்சி. இன்னிக்கு அதே மாதிரி நான் கேக்கறதா?" கொஞ்ச தூரம் போனதும் முந்தானைக்குள் சிரித்தாள். "அதுவும் ரெண்டு பல்லு இல்லாத வாயில கேட்டா எவன் மதிப்பான்?"

டிரம்மில் ஊறியதை இரண்டு தடவை பாத்திகளுக்கு ஊற்றினார்கள். யூரியா மாதிரி அவசரமாக அது வேலை செய்யவில்லை. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அசோகன் தினம் காலையில் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். போகிக்கு முன்னால் குருத்தில் பச்சை வந்தது. பொங்கலன்று பாதிக்குமேல் ஏறிவிட்டது. வாசல் பாத்திதான் கடைசியாகத் திரும்பியது. அதற்கு மட்டும் தாயம்மா மூன்றாவது தடவையும் ஊற்றினாள்.

சொன்னபடி ஜெயராம் சார் வந்தார், கூடவே மகேஷும். கதவைத் திறந்ததும் சார் நின்றுவிட்டார். மூலைக்கு மூலை பச்சை. ஒரு சுற்று நடந்து பார்த்தார். மகேஷ் வாசலிலேயே மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றார். டிரம் வாசனை இன்னும் போகவில்லை.

"எல்லாம் சரிதான் தாயம்மா" என்றார் சார். மதிலைப் பார்த்தார். "ஆமா, அந்த மரமெல்லாம் எங்கே? வேலி மாதிரி நின்னுண்டிருந்துதே, அகத்தி?"

"இங்கதான் சார் கீது" என்று தாயம்மா அவர் காலடியிலிருந்த பாத்தியைக் காட்டினாள்.

அவருக்கு உடனே புரியவில்லை. அசோகன்தான் சொன்னான், ஒன்று விடாமல், கடையில் தான் பேசியது முதல். சார் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டார். எதற்குக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வெறுங்காலோடு வரப்பில் நின்று, மொட்டை மரங்களையும் கீரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகேஷிடம் போய், "சாரி, இப்போ குடுக்கற மாதிரி இல்லே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கார் போனதும் நாலு குடும்பமும் ஒரே கூச்சல். அசோகன் தாயம்மாவைத் தூக்கிச் சுற்றப் போய், "எறக்குடா சோமாறி, இடுப்பு போயிடும்" என்று அடி வாங்கினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முந்தானை வாய்க்குப் போகவில்லை. அந்த ஓட்டையோடு அவள் சிரித்ததை நான் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன்.

மரங்களில் பாதி பட்டுப் போய்விட்டது. மீதி அங்கங்கே துளிர்க்கிறது. பட்டுப் போன இடங்களில் அவள் புது விதை ஊன்றியிருக்கிறாள். போன வாரம் அதற்கு வேலி கட்டப் பட்டினப்பாக்கத்திலிருந்து பழைய மீன்வலை கொஞ்சம் கொண்டுபோய்ப் போட்டேன். முழங்கால் உயரச் செடிகளைச் சுற்றி வலையை இழுத்துக் கட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"வர்ற துவாதசிக்கு பல்லு கட்டிடறேன் நைனா."

"கட்டு, கட்டு" என்று சொல்லிவிட்டு, வலையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டேன்.